மூணு மாச ஊசி

எங்க வூட்டுல ரொம்ப வருசமா குடும்பக் கட்டுப்பாட்டு வேலையைப் பாத்துக்கினு இருந்தது பெங்களூர் பஸ்ஸுதான். வூட்டுக்காரருக்கு அங்க கட்டட வேலை. பொங்கலுக்கு வருவாரு, தீவாளிக்கு வருவாரு, ஊர்ல தேருன்னா வருவாரு. வந்த சூட்டுலயே திரும்பிப் போயிடுவாரு. மாத்திரை வேணாம், உறை வேணாம், டாக்டரு வேணாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஏத்தி வுட்டுட்டு வந்தா அடுத்த பண்டிகை வரைக்கும் நிம்மதி. கொரோனா வந்ததும் கவர்மெண்டு மொத வேலையா அந்த பஸ்ஸை நிறுத்திடுச்சு. நோய் பரவாம இருக்க நிறுத்தினாங்கன்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு மட்டும் வேற பயம் வந்துச்சு.

ஏன்னு சொல்றேன். எங்க ஊரு கல்வராயன் மலை அடிவாரம். நான் வூட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட்டு தைக்கறவ. எனக்கு ரெண்டும் பொண்ணு. ரெண்டும் வயித்தைக் கிழிச்சு எடுத்ததுதான். சின்னவ பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. எங்கெங்கயோ ஓடி ரத்தம் வாங்கியாந்து ஏத்தினாங்க. நான் கண்ணு முழிச்சப்ப டாக்டரம்மா என் கட்டிலாண்ட வூட்டுக்காரரையும் மாமியாவையும் நிக்க வெச்சு சொன்னாங்க: "இன்னொண்ணு வேணாம். அடுத்த தடவை இவங்கள காப்பாத்த முடியும்னு என்னால சொல்ல முடியாது." தமிழ்லதான் சொன்னாங்க. மாமியா காதுல மட்டும் "அடுத்த தடவை"ன்ற வார்த்தை நல்லா வுழுந்துச்சு, மிச்சமெல்லாம் ஃபேன் காத்துல பறந்துடுச்சு.

"இப்பவே ஆபரேஷன் பண்ணி நிறுத்திடலாமா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மாமியா, "ஆம்பளப் புள்ளையே இல்லாம எப்புடிங்க நிறுத்தறது?"ன்னு கேட்டாங்க. என்னமோ பஸ்ஸு இன்னும் ஊரு வந்து சேரல, அதுக்குள்ள டிரைவர் எறங்கிட்டான்ற மாதிரி. வூட்டுக்காரரு வாயைத் தொறந்து, "அம்மா சொல்றதும்..."னு ஆரம்பிச்சாரு. அவரு அந்த வாக்கியத்தை என்னைக்கும் முடிச்சதில்ல. கல்யாணம் ஆன நாளா நானும் முடிப்பாரு முடிப்பாருன்னு பாத்துக்கினுதான் இருக்கறேன்.

அப்ப எனக்குக் கை குடுத்தது எங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. வூட்டு நெலவரத்தை ஒரு வார்த்தையில புரிஞ்சிக்கினாங்க. "மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஊசி இருக்குது. கையில போட்டுக்கினு போயிடு. யாருக்கும் தெரியாது"ன்னாங்க. சின்னவளுக்கு அப்ப அடிக்கடி தடுப்பூசி போடற வயசு. அவளை இடுப்புல தூக்கிக்கினு, "அத்த, தடுப்பூசி போட்டாறேன்"னு சொல்லிட்டுக் கெளம்புவேன். பொய்யே இல்ல. அவளுக்கு அம்மை வராம தடுக்கறது, எனக்கு அவளுக்குத் தம்பி வராம தடுக்கறது. ரெண்டும் தடுப்பு ஊசிதான். மாமியா வாசல் வரைக்கும் வந்து, "பத்தரமா போய்க்கினு வா, புள்ளைக்கு வெயில் படப் போவுது"ன்னு குடை எடுத்துக் குடுப்பாங்க. நானும் நர்ஸம்மாவும் போன்ல பேசினாலும் அந்த வார்த்தைதான். "தடுப்பூசி வந்துடுச்சும்மா." "சரிங்க, வரேன்." அவ்ளோதான்.

மொத வருசம் லாக்டவுனு போட்டப்ப அவரு பாதி தூரம் லாரி ஏறி, மீதி தூரம் நடந்து வூடு வந்து சேந்தாரு. கால்ல கொப்புளம். பாத்து அழுதேன், நெசமாவே அழுதேன். அழுது முடிச்சதும்தான் இவரு இனிமே இங்கதான் இருக்கப் போறாருன்றது ஒறைச்சுது. ஊசி இருந்தாலும் ஒரு பயம். "சொம்மா ஒரு பாதுகாப்புக்கு, மெடிக்கல்ல போயி உறை வாங்கியாங்க"ன்னேன். ஊர்ல எல்லாரும் மூக்கு வாய் மூடிக்கினு திரியறாங்க, யாரு முகமும் யாருக்கும் தெரியாது, இதுக்குன்னே வந்த காலம் மாதிரி இருந்துச்சு. போனாரு. தலைவலித் தைலத்தோட வந்தாரு. மறுபடி அனுப்பினேன். பக்கத்துல ஒருத்தரு நின்னாராம். குழந்தை சோப்போட வந்தாரு. மூணாவது தடவை இஞ்சி மிட்டாய். வூட்டுல தைலம் ஜாஸ்தியாச்சே தவிர நான் கேட்டது வரல. ஒரு சீக்கு வந்தவனுக்கு வைத்தியம் பாக்கலாம், வெக்கம் புடிச்சவனை இன்னா பண்றது?

அப்புறம் அவரு பாட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில கட்டிலைப் போட்டுக்கினு படுக்க ஆரம்பிச்சாரு. கேட்டா காத்து வருதுன்னுவாரு. மார்கழிப் பனியில இன்னா காத்து? கோவிச்சிக்கினாரு போலன்னு நான் வுட்டுட்டேன்.

ரெண்டாவது வருசம்தான் கூத்து. ரெண்டாவது அலைன்னாங்க. எங்க நர்ஸம்மாவைக் கொரோனா டூட்டிக்கு இழுத்துக்கினு போயிட்டாங்க. இந்தப் பக்கம் என் ஊசிக்கு நாள் தாண்டிப் போச்சு. சுகாதார நிலையத்துக்குப் போனா, "இப்ப எதுக்கும் வராதீங்க, கொரோனா பாக்கறோம்"னு வாசல்லயே நிறுத்துனாங்க. எல்லா நோயும் லீவு போட்டுட்டுப் போயிட்ட மாதிரி. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டா, மணி அடிக்கறதுக்கு மின்னாடி ஒரு அம்மா இனிமையான குரல்ல தடுப்பூசி போட்டுக்கச் சொல்லிக் கெஞ்சும். "அடியேய், அதுக்குத்தான்டி போன் பண்றேன், லைனை வுடு"ன்னு கத்துவேன். நாங்க ரெண்டு பேரு ரகசியமா வெச்சிக்கினு இருந்த வார்த்தையை ஆட்டோவுல மைக் கட்டி தெருத் தெருவா கூவிக்கினு போனாங்க.

அது போதாதுன்னு இன்னொரு வதந்தி கெளம்புச்சு. கொரோனா தடுப்பூசி போட்டா பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை சுருங்கிடுமாம், ஆம்பளைங்களுக்கு ஆம்பளத்தனம் போயிடுமாம், ஜனத்தொகையைக் கம்மி பண்ண மேல இருந்து போட்ட திட்டமாம். யாரு சொன்னதுன்னு கேட்டா, போன்ல வந்துச்சுன்னுவாங்க. எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. புள்ள பொறக்காத ஊசின்னு ஊரே பயந்து நடுங்குது, அந்த ஊசியைத் தேடிக்கினு நான் நாயா அலையறேன்.

ஒரு நாளு நர்ஸம்மாவே போன் பண்ணாங்க. "உங்க ஊரு ஸ்கூல்ல தடுப்பூசி கேம்ப்பு போடறோம். நானும் வரேன். உன்னுதையும் பையில எடுத்தாறேன். கூட்டத்தோட கூட்டமா வந்துடு." தெய்வம் போன்ல பேசின மாதிரி இருந்துச்சு.

கேம்ப்பு அன்னிக்குக் கூட்டமா? வெள்ளை ஜீப்பு ஊர் எல்லையில திரும்பறதுக்குள்ள ஊரே காலி. ஆம்பளைங்க மரவள்ளிக் கொல்லையில பூந்துட்டாங்க, பொம்பளைங்க கரும்புக்குள்ள. சில பேரு மலைமேல சொந்தக்காரங்க வூட்டுக்கே ஏறிட்டாங்க. என் மாமியாவும் எழுந்து ஓடினாங்க. அவங்க எதுக்கு ஓடினாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்கு விளங்கல. இன்னொரு புள்ள பெத்துக்கற யோசனை இருந்துச்சோ இன்னாமோ. வூட்டுக்காரரு மாடு புடிச்சுக் கட்டற சாக்குல கொல்லைப் பக்கம் போயிட்டாரு. நான் தலை சீவி, நல்ல புடவையாக் கட்டிக்கினு ஸ்கூலுக்குப் போனேன்.

அங்க ஒரு பந்தலு, காலி நாற்காலிங்க, பஞ்சாயத்து ஆளுங்க நாலு பேரு. நர்ஸம்மாவைக் காணோம். அவங்களுக்கே மொத நாளு கொரோனா வந்து படுத்துட்டாங்களாம். அவங்க எடத்துல ஒரு புது நர்ஸு, தலையில இருந்து கால் வரைக்கும் பிளாஸ்டிக்கைச் சுத்திக்கினு உக்காந்திருக்குது. என்னைப் பாத்ததும் அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. காலையில இருந்து ஒரு ஆளும் வரலையாம்.

பஞ்சாயத்து ஆளுங்க காதுல வுழக் கூடாதேன்னு நான் குனிஞ்சு, "மூணு மாச ஊசிங்க"ன்னேன்.

"ஆமாங்க, மூணு மாசம்தான்"னு அந்தப் பொண்ணு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிச்சு. "இன்னிக்கு ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. எல்லாம் தெரிஞ்சுக்கினு வந்திருக்கீங்களே!"

"நர்ஸம்மா சொல்லியிருப்பாங்களே, என்னுது தனியா..."

"சொன்னாங்க, சொன்னாங்க, எல்லாருக்கும் இதான். கையைத் தளர்த்தி வுடுங்க."

சொன்னாங்கன்னு சொல்லுதே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நானும் கையைக் குடுத்துட்டேன். போட்டாச்சு. எழுந்தா, "அரை மணி நேரம் உக்காரணும்"னாங்க. என் ஊசிக்கு எவ உக்காந்தா? அப்புறம் கையில மாத்திரையைக் குடுத்து, "காய்ச்சல் வந்தா போட்டுக்கோங்க"ன்னாங்க. அப்பதான் எனக்குப் பகீர்னுச்சு.

"ஏம்மா, இது கொரோனாவுக்கா?"

"பின்ன எதுக்குங்க?"

"அப்ப என் ஊசி?"

"இதாங்க உங்க ஊசி!"

அது அப்பாவியா சிரிக்குது. நான் எதைச் சொல்ல? பஞ்சாயத்து ஆளுங்க நாலு பேரும் கையில போனை வெச்சிக்கினு எங்களையே பாத்துக்கினு இருந்தானுங்க. ஒருத்தன், "அக்கா, கொஞ்சம் கையைத் தூக்கிக் காட்டுங்க"ன்னு போட்டோ புடிச்சான். சாயந்தரத்துக்குள்ள ஊரு வாட்ஸ்ஆப்புல என் மூஞ்சி. கீழ, "அச்சமின்றித் தடுப்பூசி செலுத்திக்கொண்ட வீரப் பெண்மணி." வீரப் பெண்மணி அதுக்குள்ள காய்ச்சல் ஏறிக் கம்பளிய இழுத்துப் போத்திக்கினு படுத்துடுச்சு.

கொரோனா ஊசி போட்டுக்கினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பக்கத்துத் தெருவுல மூச்சு முட்டி ரெண்டு பேரு போயிட்டதைப் பாத்தவ நான். ஆனா நான் போனது அதுக்கு இல்லையே.

மாமியா கரும்புக் கொல்லையில இருந்து வந்தாங்க. யாரோ போட்டோவைக் காட்டிட்டாங்க. அம்மாடி, அந்த ஒப்பாரி! "என் வம்சத்தையே வேரறுத்துட்டாளே! புள்ள பொறக்காத ஊசியைத் தேடிப் போயி போட்டுக்கினு வந்திருக்கறாளே, இவ நல்லா இருப்பாளா!" ஊரு பொம்பளைங்க சுத்தி நின்னு உச்சுக் கொட்டுறாங்க. நான் கம்பளிக்குள்ள படுத்துக்கினு கேட்டுக்கினே இருந்தேன். நான் தேடிப் போனது புள்ள பொறக்காத ஊசின்றது சத்தியமான உண்மை. அதை ஊர்லயே சரியா கண்டுபுடிச்சது என் மாமியாதான். போட்டது எந்த ஊசின்றதுல மட்டும் தப்பு பண்ணிட்டாங்க. வூட்டுக்காரரு வாசப்படியில நின்னுக்கினு என்னையே பாத்தாரு.

மறு வாரம் மாமியா ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. மலைமேல யாரோ ஒரு வைத்தியக்காரரு வேரு குடுக்கறாராம், அதை அரைச்சுக் குடிச்சா உடம்புல ஏறின ஊசி மருந்து எறங்கிடுமாம். "போயி வாங்கியாடா"ன்னு புள்ளையை அனுப்புனாங்க. அவரும் வண்டியை எடுத்துக்கினு மலை ஏறினாரு. ஒரு நாளு தங்கிட்டு வேரோட வந்தாரு, கூடவே காய்ச்சலோட. "மலைக் காத்து ஒத்துக்கல"ன்னாரு. மாமியா வேப்பிலையை அடிச்சாங்க. நான் வேரை அரைச்சுக் குடிச்சேன். குமட்டுச்சு, வேற ஒண்ணும் ஆவல.

அதுக்கப்புறம் எங்க வூட்டுக்காரரு வேற ஆளா ஆயிட்டாரு. வேப்ப மரத்தடிக் கட்டிலு உள்ள வந்துடுச்சு. சிரிக்கறாரு, புள்ளைங்களோட வெளையாடறாரு, எனக்குத் தலையில பூ வாங்கியாராரு. நான் தயங்குனா, "பயப்படாத, ஒண்ணும் ஆவாது"ன்னாரு. சொன்ன விதத்துல அவ்ளோ உறுதி. இவரும் அம்மா மாதிரியே என் கர்ப்பப்பை சுருங்கிப் போச்சுன்னு நெனச்சிக்கினு இருக்கறாருன்னு எனக்குத் தோணுச்சு. எடுத்துச் சொல்லலாம். சொன்னா அந்தப் பழைய ஊசிக் கதையும் வெளிய வரும், மாமியா காதுக்குப் போவும். பழைய ஊசி மருந்து உடம்புல கொஞ்ச நாளு நிக்கும்னு நர்ஸம்மா எப்பவோ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதை நம்பினேன். எனக்கும் ஆசை இல்லாமலா? நான் இன்னா கருங்கல்லா?

மாசாமாசம் வர்றது வரல. அந்த மூணு மாச ஊசியில ஒரு தொல்லை, போட்டுக்கினவங்க நெறைய பேருக்கு மாசக் கணக்கே நின்னுடும். அதனால வரலன்னா, பழைய ஊசியால வரலையா, வேற எதனால வரலையான்னு தெரியாது. தெனம் காலையில எழுந்ததும் அடிவயித்துல கையை வெச்சிப் பாப்பேன். என் ரெண்டு பொண்ணுங்களும் தூங்கறதைப் பாப்பேன். நான் இல்லன்னா பெரியவ சின்னவளுக்குச் சடை போடுவாளான்னு யோசிப்பேன். அப்படி யோசிக்கறப்பல்லாம் கோவம்தான் ஜாஸ்தியா வந்துச்சு.

ஊரடங்கு தளந்து நர்ஸம்மா தேறி வேலைக்கு வந்தாங்க. பாதியா எளைச்சுட்டாங்க. என்னைப் பாத்ததும், "மன்னிச்சுக்கோம்மா, அன்னிக்கு வர முடியல. இப்ப ஸ்டாக்கு வந்துடுச்சு"ன்னு சொல்லி ஊசியை எடுத்தாங்க. "ரொம்ப நாளு தாண்டிப் போச்சு. எதுக்கும் ஒருக்கா பாத்துட்டுப் போட்டுடறேன்"னு டப்பா ஒண்ணைக் குடுத்து ஒண்ணுக்குப் புடிச்சாரச் சொன்னாங்க. கர்ப்பம் பாக்கற கார்டுல ஒரு சொட்டு வுட்டாங்க. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துக்கினு இருந்தோம். ஒரு கோடு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு, வெக்கமே இல்லாம, பளிச்சுன்னு.

நர்ஸம்மா ஊசியைத் திரும்பப் பெட்டியில வெச்சாங்க. என் கையைப் புடிச்சிக்கினாங்க.

நான் நேரா வூட்டுக்கு வந்தேன். மாமியா ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. வூட்டுக்காரரு பெங்களூருக்குப் பையைக் கட்டிக்கினு இருந்தாரு. பஸ்ஸு வுட்டுட்டாங்க இல்ல! வரவேண்டிய நேரத்துக்கு வந்துடுச்சு மகராசி.

"முழுவாம இருக்கறேன்"னேன்.

அவரு கையில இருந்த சட்டை கீழ வுழுந்துச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அது எப்புடி?"ன்னாரு.

"எப்புடின்னா? எல்லாருக்கும் எப்புடியோ அப்புடித்தான்."

"இல்ல, எப்புடி? அதான் நான் ஊசி போட்டுக்கினேனே!"

எனக்கு ஒண்ணும் புரியல. "இன்னா ஊசி?"

அப்பதான் சொன்னாரு. வேரு வாங்க மலை ஏறினாரு இல்ல, அங்க ஒரு ஊர்ல இதே மாதிரி கேம்ப்பு. அங்கயும் ஜனம் சாமைக் கொல்லையில பூந்துட்டுது. ஜீப்புல வந்தவங்க ஆளு கெடைக்காம உக்காந்திருந்தாங்களாம். இவரு போயி கையை நீட்டினாராம். "ஆம்பளைங்களுக்கும் புள்ள பொறக்காதுன்னு சொன்னாங்க இல்ல? அதான். நீ அன்னிக்கு ரத்தம் ஏத்திக்கினு படுத்திருந்ததை நான் மறக்கல. அம்மாகிட்ட என்னால பேச முடியல. அதான் வெளிய போயி படுத்தேன். நீ ஊசி போட்டுக்கினு வந்ததும், ஆஹா இப்புடி ஒரு வழி இருக்குதேன்னு தோணுச்சு. ரெண்டு டோஸ் போட்டாத்தான் முழுசா வேலை செய்யும்னாங்க. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

நான் தலையில கையை வெச்சிக்கினு மிஷின் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. வேப்ப மரத்தடியில பனியில படுத்த மனுசன் கோவத்துல படுக்கல, எனக்காகப் படுத்தாரு. அதை ஒரு வார்த்தை வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நானும் என் ஊசிக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒரே வூட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வெச்சிக்கினு இருந்திருக்கறோம். அடப் பாவி மனுசா!

அந்த நேரம் பாத்து அவரு மறுபடி கேட்டாரு, மெதுவா, என் மூஞ்சியைப் பாக்காம: "நான்தான் போட்டுக்கினேனே... அப்ப இது எப்புடி?"

கேட்ட தொனி மாறியிருந்துச்சு. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறுச்சு. மிஷின்மேல இருந்த கத்திரிக்கோலைத் தள்ளி வுட்டுட்டு எழுந்தேன். "இன்னாய்யா கேக்கற? திருப்பிக் கேளு. அது கொரோனா ஊசி. கொரோனாவுக்குப் போட்டது. அதைப் போட்டுக்கினா கொரோனா வராது, புள்ள வரும். வாட்ஸ்ஆப்பைக் கும்புட்டுக்கினு திரியறியே, மூளையை அதுக்கே படையல் வெச்சிட்டியா?" கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க, வாங்கன்னு பேசின வாயி அன்னிக்கு எங்கயோ போயிடுச்சு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சு. அவரு தரையில உக்காந்து என் காலைப் புடிச்சிக்கினு தேம்பித் தேம்பி அழுதாரு. "உன்னைச் சந்தேகப்படல, சத்தியமா படல"ன்னாரு. பட்டாரு. ஒரு நிமிசம் பட்டாரு. நான் பாத்தேன்.

"இதை நான் வெச்சிக்கப் போறதில்ல. இருக்கற ரெண்டு பேருக்கு அம்மா வேணும்"னேன். தலையை ஆட்டினாரு. அவங்க அம்மா சொல்றதுக்கு மின்னாடி அவரு தலையை ஆட்டி நான் பாத்தது அதுதான் மொத தடவை.

மறுநாளு டவுனுக்குப் போனோம். துணி எடுக்கன்னு மாமியாகிட்ட சொன்னோம். ஆஸ்பத்திரியில மொதல்ல மூக்குல குச்சி வுட்டுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு டாக்டரம்மா என் வயித்துத் தழும்பையெல்லாம் தடவிப் பாத்துட்டு எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சாங்க. "இதைக் கலைச்சிடலாம், சின்னதாத்தான் இருக்குது, பயம் வேணாம். ஆனா இதோட நிறுத்தணும். ரெண்டு வழி இருக்குது. இவங்களுக்குப் பண்ணணும்னா வயித்தை மறுபடி தொறக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தொறந்தது, உள்ள ஒட்டிக்கினு இருக்கும், ரத்தமும் கம்மி, கொஞ்சம் கஷ்டம்தான். உங்களுக்குன்னா கத்தியே வேணாம், தையல் வேணாம், காலையில வந்தா மத்தியானம் நடந்தே வூட்டுக்குப் போயிடலாம். ஆம்பளத்தனத்துக்கு ஒண்ணும் ஆவாது. யாருக்குப் பண்ணலாம், சொல்லுங்க."

நான் அவரைப் பாத்தேன். நேத்து காலைப் புடிச்சிக்கினு அழுத மனுசன். மலை ஏறிக் கையை நீட்டின மனுசன். புள்ளையே வேணாம்னு ஆம்பளத்தனத்தையே குடுக்கத் துணிஞ்சவருக்கு இது எம்மாத்திரம்? இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு என் நெஞ்சு அடிச்சிக்குது. நெசமா சொல்றேன், அந்த ஒரு நிமிசம் நான் அவரு மேல வெச்சிருந்த ஆசையை அதுக்கு மின்னாடி வெச்சதில்ல.

அவரு தன் கையையே பாத்துக்கினு இருந்தாரு. "எனக்குக் கல்லு தூக்கற வேலைங்க"ன்னாரு.

"ஒரு வாரம் பாரம் தூக்காம இருந்தா போதும்"னாங்க டாக்டரம்மா.

"இல்லைங்க... அம்மாவுக்குத் தெரிஞ்சா..." அதையும் முடிக்கல. அப்புறம், "இவளுக்கே பண்ணிடுங்க"ன்னாரு.

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. "நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" நான் இன்னா சொல்றது? வூட்டுக்குத் திரும்பிப் போயி மறுபடி தெனம் காலையில வயித்துல கையை வெச்சிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. "பண்ணுங்க"ன்னேன். கையெழுத்து என்னுது போதும்னாங்க. போட்டேன்.

சொன்ன மாதிரியே கஷ்டமாத்தான் போச்சு. மறுபடி ரத்தம் ஏத்தினாங்க. நான் பொழைச்சு கண்ணு முழிச்சப்ப அவரு கட்டிலாண்ட உக்காந்திருந்தாரு, கண்ணெல்லாம் வீங்கி. ஒரு கொறையும் சொல்ல முடியாது. இளநி சீவிக் குடுத்தாரு, ரசம் சோறு ஊட்டினாரு, தலையைச் சிக்கெடுத்தாரு, கால் அமுக்கினாரு. பக்கத்துக் கட்டிலு பொம்பளைங்கல்லாம், "குடுத்து வெச்சவம்மா நீ, இப்புடி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்?"னு என்னைப் பாத்து ஏங்குனாங்க. நான் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு வாயைப் பொத்தி அழுதேன். வலின்னு நெனச்சு நர்ஸு மாத்திரை குடுத்துச்சு.

வூட்டுல, வயித்துல கட்டின்னு சொல்லிச் சமாளிச்சாரு. கட்டியும் அந்த ஊசியாலதான் வந்துச்சுன்னு மாமியா இன்னிக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்கறாங்க. பேரன் பொறக்காததுக்குக் கவர்மெண்டைத் திட்டறாங்க, என்னைத் திட்டறது கொஞ்சம் கம்மியாச்சு. மழை வந்தா எனக்கு வயித்துத் தையல் இழுத்துப் புடிக்கும், மிஷினை மிதிக்க முடியாது.

அவரு பெங்களூருக்குப் போறாரு, வராரு. எங்களுக்குள்ள சண்டை வர்றது உண்டு. எதுல ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரு எடத்துல வந்து நிக்கும். மார்ல கையை வெச்சிக்கினு சொல்லுவாரு: "உனக்காக மலை ஏறிப் போயி ஊசி போட்டுக்கினவன்டி நான். எவன் போட்டுக்குவான்?"

ஆமா, போட்டுக்கினாரு. நான் இல்லன்னு சொல்லல. அவருக்குக் கொரோனா வரல.